பல்லிளிப்பு

பல்வைத்தியர் புரொக்ஹோஃப் செத்த பிறகு
அவர் மனைவி விற்றது இரண்டு பொருள்.
ஒரு கார். ஒரு கொப்பி.
கொப்பியில் பதினேழு வருச ஒயில் மாற்றங்கள்,
திகதி, கிலோமீற்றர், ஓரத்தில் சரிக்குறி.
பல்லில் துளை போட்ட கை,
எழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை.
நான் கொப்பியைத்தான் வாங்கினேன்.
கார் அதோடு வந்தது.

பத்துச் சிலிண்டர். ஐந்நூற்றுச் சொச்சம் குதிரைவலு.
பின்கண்ணாடிக்கு ஒரு திரை, பொத்தானை அமத்த
மெல்ல எழும்பும், உள்ளே பூசை நடக்கிற மாதிரி.
புதிதில் இதன் விலைக்கு
இசர்லோனில் பாதி வீடு வாங்கலாம்.
எனக்குப் பதினெட்டாயிரத்துக்கு விழுந்தது.

ஏன் என்று தங்கை கேட்டாள்.
நான் ஹாகனுக்கும் சீகனுக்கும் இடையில்
ரயில் ஓட்டுகிறவள்.
பதினொரு வருசமாய் என் கையில்
ஸ்டியரிங் இல்லாத வண்டி.
ஆறு வளைந்தால் தண்டவாளம் வளையும்,
தண்டவாளம் வளைந்தால் நான்.
அவளுக்கு இதைச் சொல்லவில்லை.
மலிவாய் வந்தது என்றேன்.

முதல் மாதம் ஒன்றும் இல்லை.
இரண்டாம் மாதம், குளிரில் ஸ்டார்ட் பண்ணியதும்
அடியில் ஒரு டிக் டிக்,
நான் கதைத்து முடிக்கட்டும் என்று
யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல்.
சூடேறினால் நின்றுவிடும்.
சூடேறும்வரை ரேடியோவைக் கூட்டிவைத்தேன்.

லெட்மாத்தயில் தண்டவாளத்தை ஒட்டினாற்போல்
செனாத்தின் கராஜ்.
நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனை எஞ்சினில்,
மறுமுனை தன் காதில்.
பிறகு கையைத் துடைத்தான், அவசரமில்லாமல்.
கெட்ட செய்தி சொல்கிறவர்கள் எல்லோரும்
முதலில் கையைத் துடைக்கிறார்கள்.

ஒயில் தட்டைக் கழற்றி, உள்ளிருந்து எடுத்த பேரிங்கை
என் உள்ளங்கையில் வைத்தான்.
அரைவட்டம். இவ்வளவு மெல்லிசா?
சாம்பல் பூச்சு போய்
நடுவில் செப்பு தெரிந்தது,
கவரிங் காப்பு வேர்வையில் பல்லிளிக்கிற மாதிரி.
கலியாண வீடுகளில் அதை மறைக்க
மணிக்கட்டைத் திருப்பிவைக்கத் தெரியும் எனக்கு.
இதற்குத் திருப்ப இடமில்லை.

மூவாயிரத்து நானூறு, என்றான், இதற்கு மட்டும்.
கியர்பொக்ஸின் பம்ப் இன்னும் ஒரு குளிர் தாங்கும்,
தாங்காவிட்டால் இரண்டாயிரத்து அறுநூறு.
த்ரொட்டில் மோட்டர் இரண்டில் ஒன்று
இப்பவே தடக்குகிறது, அதை இப்போதைக்கு விடு.
பெறுமதி சேர் வரி வேறு.
மெண்டனில் ஒருவன் இப்படியே எடுப்பானாம்,
ஆறாயிரத்துக்கு, உதிரிகளுக்காக.

சுண்டைக்காய் கால் பணம், என்று தொடங்கினாள் யசோதினி.
மீதியை நானே சொன்னேன்.

ஒன்பது நாள் யோசித்தேன்.
ஒன்பது நாளும் லெட்மாத்தயில் ரயில் நின்றது
ஒவ்வொரு நிமிடம். கராஜ் கதவு திறந்திருக்கும்.
லிஃப்டில் அது,
நாலு சக்கரமும் காற்றில் தொங்க,
வயிறு திறந்து, கீழே ஒரு பேசின்.
பத்தாம் நாள் பச்சை விழுந்தும்
மூன்று செக்கன் நான் எடுக்கவில்லை.
பதிவில் அது தாமதம் என்றுகூட வராது.

சீட்டை அந்த மாதமே எடுத்தேன். கழிவு பெரிது.

இப்போது விடிய மூன்று நாற்பது.
மைனஸ் நாலு.
அமத்தினேன். பத்தும் ஒன்றாய்ப் பிடித்தன.
டிக் டிக் இல்லை.
எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது, என்மேல் கோபமாய்.

கொப்பியை மடியில் விரித்து
அவருடைய கடைசிச் சரிக்குறிக்குக் கீழே
திகதி எழுதினேன், கிலோமீற்றர் எழுதினேன்.
அவர் எங்கேயும் காசை எழுதவில்லை என்பது
அப்போதுதான் கண்ணில் பட்டது.
பதினேழு வருசத்தில் ஒரு தொகை இல்லை.
நான் எழுதினேன். சதம்வரைக்கும்.

தலை நிமிர்த்தினால் டாஷ்போர்டில்
மஞ்சள் விளக்கு ஒன்று, புதிது.
நாலரை வண்டிக்கு நேரமாகிறது.
வலப்பக்கம் ஒடித்து
வீதிக்கு இறக்கினேன்.